இந்துமதியின் முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஊர்

கணவாய்ப்பட்டியில் என் அண்ணன் தவசியின் இரண்டு உள்ளங்கைகளையும் விட்டு உரசல் என்கிற ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போன காலையில், பக்கத்து வீட்டில் சண்டை, தெருக்குழாயில் வரிசை, எங்கள் வீட்டில் இட்லி என்று எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. அண்ணன் பிட்ட இட்லி மட்டும் அவன் விரல்களில் நிற்காமல், ஏதோ அவசர வேலை இருப்பதுபோலத் தட்டுக்குத் திரும்பிப் போனது. மறுபடி எடுத்தான், மறுபடி போனது. "எண்ணெய்க் கையோட சாப்பிட உக்காராதேன்னு எத்தனை தடவைடா சொல்றது" என்றாள் அம்மா. அவன் எழுந்துபோய்க் குழாயைத் திருகினான். கை சுற்றியது, குழாய் சுற்றவில்லை. துண்டை எடுத்தான், துண்டு கீழே கிடந்தது.

"அம்மா, என் கையில பிடிமானம் போயிருச்சு."

"சாயங்காலம் வந்துரும். இப்ப வாயைத் திற" என்று அம்மா ஊட்டிவிட்டாள்.

சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்குப் பிறகு நாங்களும் அதை எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஊர் மலையின் காலடியில் இருக்கிறது. மேலே ஏலக்காய்த் தோட்டம், காபித் தோட்டம். அங்கிருந்து இறங்குகிற ஜீப்பும் லாரியும் வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்து மிதித்து, சக்கரத்துக்குள் இருக்கிற லைனர் இரும்பு டிரம்மில் உரசி உரசி, சூடேறி, புகைந்து, ஒரு கருகல் வாசனையோடு ஊருக்குள் நுழையும், எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்கு அம்மா வாசனைக்கு அடுத்தபடியாகத் தெரிகிற வாசனை அதுதான். அடிவாரத்தின் முதல் கடை அண்ணனுடையது. தேய்ந்துபோன லைனரைக் கழற்றிவிட்டுப் புது லைனரை ரிவிட் அடித்து மாட்டுவது வேலை. "பிரேக்குன்னா வேற ஒண்ணுமில்ல, ஒரு பொருள் தன்னைத் தேச்சுக்கிட்டு ஒரு ஆளைக் காப்பாத்துறது" என்று டிரைவர்களிடம் சொல்வான். அதைச் சொல்லும்போது அவன் குரல் ரேடியோவில் வேளாண்மைச் செய்தி வாசிக்கிறவருடைய குரலாகிவிடும். நான் பின்னால் நின்று அதே குரலில், "அடுத்ததாக, தக்காளியில் இலைச்சுருட்டு நோய்" என்று தொடர்வேன். டிரைவர்கள் டீயைத் துப்பிவிடுவார்கள்.

கையில் உரசல் இல்லாதவன் ரிவிட் அடிக்க முடியாது, சுத்தியல் பறந்துவிடும். அதனால் அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடையில் உட்கார்ந்தாள். அப்பா செத்ததிலிருந்து வீட்டு வேலையும் தோட்டத்துக் கூலி வேலையும் பார்த்த கைதான், சுத்தியல் பிடிக்க அதற்கு ரொம்ப நேரமாகவில்லை. அண்ணன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயால் வேலை சொன்னான், அம்மா கையால் செய்தாள், எமரி பேப்பரில் லைனர் தேய்த்துத் தேய்த்து அவளுடைய உள்ளங்கையே எமரி பேப்பரானது. அவள் முதுகு சொறிந்துவிட்டால் சொர்க்கம் தெரியும்.

ஊர் இந்த விஷயத்தை, புதிதாக ஒரு ரேஷன் கடை திறந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. கொஞ்சம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். துருவேறிய நட்டு, இறுகின ஷட்டர், மழையில் ஊதிப்போன மரப் பீரோ, கல்யாணத்தன்று போட்டுப் பிறகு கழற்றவே முடியாமல் போன மோதிரம், பலாப்பழம் அறுத்து விரல்களில் ஒட்டிக்கொண்ட பிசின் என்று எது வந்தாலும் அண்ணன் ஒரு தடவு தடவுவான், அது வழுக்கிக்கொண்டு கழன்றுவரும். வளையல் கடைக்காரர் தன் கடையிலேயே அவனுக்கு ஒரு ஸ்டூல் போட்டார். கேரம் கிளப்பில் மட்டும் உள்ளே விடவில்லை, ஒரு தடவை அவன் போர்டைத் தொட்டுவிட்டு வந்ததில் ஸ்ட்ரைக்கர் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்று புகார். அப்பாவின் அக்கா பஞ்சவர்ணம் அத்தை, தன் வீட்டுக்காரரையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். "தவசி, இவரு என்கூடப் பேசி வருசக்கணக்காகுது. வாய் இறுகிருச்சுன்னு நெனைக்கிறேன். ஒரு தடவு தடவி விடேன்யா." மாமா பேசாமல் என் அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் 'வேணாம் மாப்ளே' என்று இருந்ததால் அண்ணன் கையை மடித்துக்கொண்டான்.

இதில் ஒரு சிக்கல், அவன் தொட்டது எல்லாம் வழுக்கலாகிவிடும். அந்தச் சிக்கல் நேராகப் போய் விழுந்தது சன்னாசி மாமா தலையில்.

சன்னாசி மாமா மலை ஜீப் டிரைவர், வீடும் மலைமேல்தான். பேச்சே கியர் போடுவதுபோல இருக்கும், முதலில் உறுமி, அடுத்து கொஞ்சம் வேகம் பிடித்து, கடைசியில் கத்தல். அவருடைய மகள் இந்துமதிக்கும் என் அண்ணனுக்கும் ஏற்கெனவே நிச்சயமாகியிருந்தது. இந்துமதி அடிவாரத்து ஏலக்காய்க் கிடங்கில் காய் தரம் பிரிக்கிறவள். தன் அப்பாவின் ஜீப்புக்கு லைனர் மாட்டும்போதெல்லாம் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, எல்லா டிரைவர் மகள்களையும்போல பிரேக்கைப் பற்றிக் கேள்வி கேட்டு, எந்த டிரைவர் மகளும் கேட்காத மாதிரி சிரித்து, இப்படியே ஒட்டிக்கொண்டது அந்த விஷயம்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம். டிரம்மை மூடுவதற்கு முன்னால் லைனரை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிக்கொடுப்பான், தூங்குகிற கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல. மாமாவின் ஜீப்புக்கு அம்மாதான் எல்லாம் மாட்டினாள். ஆனால் மூடும்போது அண்ணனின் கை, கேட்காமல் கொள்ளாமல், பழக்க தோஷத்தில் போய்த் தடவிவிட்டது. மாமா மலையேறினார். லோடு ஏற்றினார். இறங்கும்போது கடைசி வளைவில் மிதித்தார். ஜீப் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். ஜீப் கோபப்படாமல், அவசரப்படாமல், சாலையை விட்டு விலகி, வாழைத்தோப்புக்குள் நுழைந்து, ஒவ்வொரு மரமாகப் படுக்கவைத்துவிட்டுக் கடைசியில் வாய்க்கால் சேற்றில் நின்றது. மாமாவுக்கு ஒரு கீறல் இல்லை. தலையில் மட்டும் ஒரு வாழைப்பூ.

கழற்றிப் பார்த்தால் லைனர் புதுசு மாதிரியே இருந்தது. சூடு இல்லை, கருகல் இல்லை, ஒரு மயிரிழை தேயவில்லை.

"தேயாத லைனர்!" என்றார் லூர்து டீக்கடைக்காரர், அதிசயத்தோடு.

"தேயலேன்னா நிக்காதுடா வெண்ணெய்!" என்று மாமா கத்தினார். அது மூன்றாவது கியர்.

எங்கள் ஊர் டிரைவர்கள் ஒரு சாமானைக் கண்ணால் பார்த்தால் பார்த்ததாகக் கணக்கில்லை, கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்கணும். அந்த லைனர் அன்று ஜீப் ஸ்டாண்ட் முழுக்கக் கைமாறியது, ஒவ்வொருவரும் தேய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அடுத்தவரிடம் கொடுத்து, வரிசை முடியும்போது கடைசி ஆள், "என்னப்பா, நல்லாத்தானே சொரசொரன்னு இருக்கு?" என்றார். மாட்டிப் பார்த்தார்கள். ஜீப் நின்றது. வழுக்கல் போய்விட்டது. அண்ணன் தொட்டதை மற்றவர்கள் தொட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அண்ணனின் கையையே எத்தனை பேர் தேய்த்தும் அது மட்டும் மாறவில்லை.

மாமா நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே இந்துமதியும் வந்தாள்.

"கையில ஒண்ணும் நிக்காத ஆளுக்கு நான் பொண்ணு குடுக்க முடியாது தங்கச்சி. நாளைக்கு இவ பிள்ளை பெத்துக் குடுத்தா, அதையும் வழுக்கவிட்டுருவான்."

அண்ணன் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்துமதிதான் பேசினாள்.

"அவரு பிடிக்காட்டி என்னப்பா, நான் பிடிச்சுக்கிறேன்."

"தாலி கட்டுறது யாரு, நீயா?"

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடுவார், மற்ற இரண்டும் நாத்தனார் முடிச்சு, மாப்பிள்ளையின் தங்கை போடுவாள். "மாமா, மூணையும் நானே போட்டுர்றேனே" என்றேன். "அப்ப என் மக உன்னையவா கட்டிக்கிட்டா?" என்றார்.

கடைசியில் மாமா ஒரு பேச்சுக்கு வந்தார். கல்யாணம் நடக்கட்டும். தவசிதான் முதல் முடிச்சுப் போடணும். அன்று சாயங்காலம், யானை நடமாட்டத்துக்காக மலைச்சாலையில் கணவாய் கேட்டை மூடுவதற்கு முன்னால், முடிச்சு யார் கையும் இல்லாமல் தானாக நிற்கணும். நின்றால் மகள் இங்கே. நிற்காவிட்டால் மகள் ஜீப்பில் ஏறி மலைக்கு. "பிரேக் பிடிக்காத வண்டியில நானே ஏற மாட்டேன். எம்மவளை ஏத்துவேனா?"

ஊர் முழுக்க யோசனை சொன்னது. லூர்து, கயிற்றில் எமரி பேப்பர் தேய்க்கச் சொன்னார். வளையல் கடைக்காரர், கையுறை போடச் சொன்னார். போட்டுப் பார்த்தோம், உறை பாம்புச் சட்டை மாதிரி உரிந்து விழுந்தது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டு மூக்கால், "சாஸ்திரத்துல முடிச்சு போடணும்னுதான் இருக்கே ஒழிய, நிக்கணும்னு இல்லை" என்றார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு அதையே திருப்பிச் சொல்லிப் பார்த்தேன்; என் வாயிலும் அது ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் மாமாவை அது இறங்கிவர வைக்காது. கயிற்றுக்குப் பதில் தங்கச் சங்கிலி போடலாமே என்று யாரோ கேட்டதற்கு அத்தை, "முதல்ல ஏறுறது மஞ்சக் கயிறுதான், அதை மாத்துனா நான் மண்டபத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன்" என்று முடித்துவிட்டாள்.

முகூர்த்தம் வந்தது. தாலித் தட்டு மண்டபம் முழுக்கச் சுற்றி வந்து, எல்லோரும் தொட்டுக் கும்பிட்டு, பூசாரி கைக்கு வந்து, அண்ணன் கைக்கு வந்தது. அப்பா செத்துத் தாலி இழந்தவள் என்பதால், அம்மா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். அங்கேதான் நிற்கணும் என்று அத்தை முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. அண்ணன் குனிந்தான். கயிறு அவன் விரல்களைத் தொட்டதுமே தண்ணீர்ப் பாம்பாகி வளைந்து நெளிந்தது. முடிச்சுப் போட்டான், அவிழ்ந்தது. போட்டான், அவிழ்ந்தது. நாதஸ்வரக்காரர் கன்னம் ரெண்டும் பலூனாகி, கண் பிதுங்க, முடிச்சு விழட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தார், தவில்காரருக்கு வேர்வை ஓடியது, அட்சதை எறிய ஓங்கின கைகள் ஓங்கினபடியே நின்றன. அண்ணன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மதினி இந்துமதியின் பட்டுச்சேலையில் விழுந்தது. அவள் தலை குனிந்தபடியே, "மெதுவாப் போடுங்க, நான் எங்கயும் போகல" என்றாள். அடுத்த தடவை அவன் போட்ட முடிச்சு அவிழத் தொடங்குவதற்குள் நான் பின்னாலிருந்து இரண்டு முனைகளையும் இரண்டு கையால் லபக்கென்று பிடித்து இழுத்துவிட்டேன்.

அட்சதை விழுந்தது. நாதஸ்வரக்காரர் மூச்சு விட்டார். நான் அதன்மேலே என் இரண்டு முடிச்சுகளைப் போட்டேன்; அண்ணன் தொட்ட கயிறு, அவையும் வழுக்கின. ஆக, முடிச்சு மூன்றும் இருந்தன, நான் பிடித்திருக்கிறவரைக்கும்.

அப்படித்தான் பிடித்துக்கொண்டே மணமக்கள் பின்னால் அக்கினியைச் சுற்றினேன், பிடித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றேன், பிடித்துக்கொண்டே பந்தியில் மதினிக்குப் பின்னால் குனிந்து நின்றேன், என் வாயில் ஒரு ஜாங்கிரியை அவள் திரும்பிப் பார்க்காமலே தோளுக்கு மேலாக ஊட்டிவிட்டாள். பிறகு விரல் மரத்துப்போனது. "நான் பிடிக்கிறேன் தா" என்று லூர்து வீட்டு அக்கா வந்தாள். அவளுக்குப் பிறகு கிடங்கில் மதினியோடு காய் பொறுக்குகிற பெண்கள், அவர்களுக்குப் பிறகு அத்தை, அத்தைக்குப் பிறகு தெருவில் பேர் தெரியாத ஒரு பெண், பஸ்ஸுக்குக் காத்திருந்தவள், கேள்விப்பட்டு வந்தாளாம். பிடிக்கிறவள் சும்மாவும் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்ப் பழக்கம், கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். ஊரே ஊர்வலமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் எல்லாம் மெத்தென்ற விரல்கள், தேய்த்தது போதவில்லை. மத்தியானம் சாய்ந்த பிறகும், பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், முடிச்சு நழுவத் தயாராக இருந்தது. வாசலில் மாமா ஜீப்பைத் திருப்பி நிறுத்தி எஞ்சினைப் போட்டுவிட்டார். மதினிக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன்.

"அத்தை எங்க?" என்று கேட்டாள்.

"இதோ இருக்கேனே" என்றாள் பஞ்சவர்ணம் அத்தை.

"நீங்க இல்ல. எங்க அத்தை."

அம்மா அடுப்படியில் இருந்தாள். மதினி கூப்பிட்டதும் வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"நீங்க பிடிங்கத்தை. உங்க கையிலதான் சொரசொரப்பு இருக்கு."

"என்ன பேச்சு பேசுற புள்ள நீ?" என்று பஞ்சவர்ணம் அத்தை பதறினாள். "புதுத் தாலியை அவ தொடலாமா? ஆகுற காரியமா இது?"

மதினி சத்தம் போடவில்லை. "இவங்க அடிச்ச லைனரை நம்பித்தான் பெரியம்மா எங்கப்பா தினமும் மலையிறங்குறாரு. கயிறைப் பிடிக்க மட்டும் ஆகாதா?"

அப்போது வருடக்கணக்காகப் பேசாத எங்கள் மாமா, பஞ்சவர்ணம் அத்தையின் வீட்டுக்காரர், தொண்டையைச் செருமிக்கொண்டு, "தள்ளி நில்லுடி" என்றார். அத்தை அப்படியே சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் முகத்தில் கோபமா சந்தோஷமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முதலில் விரல் நுனியால் தொட்டு, பிறகு முழுக் கையாலும் பிடித்தாள். அவள் உள்ளங்கையில் அந்தக் கயிறு போய்ப் போய் வந்தது. புது மஞ்சள் கயிற்றின் வழவழப்பு உரிந்து, நூல் நூலாகச் சிலிர்த்து, ஒரு பிசிர் இன்னொரு பிசிரைத் தேடிப்போய்க் கோத்துக்கொண்டது, மஞ்சள் துகள் மதினியின் முதுகில் மெல்லக் கொட்டியது. அம்மா அழுதாளா என்று எனக்குத் தெரியாது, அவள் முகம் மதினியின் கொண்டைப் பூவுக்குப் பின்னால் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "அடுப்புல பால் வச்சேன், பொங்கிரும், நீ பிடிடி" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் பிடித்தேன். சாயங்காலக் கொசு ஒன்று வந்து என் கன்னத்தில் உட்கார்ந்தது. ஊதினேன், போகவில்லை. முகத்தைக் கோணினேன், போகவில்லை. கடித்தது. பளாரென்று அடித்தேன்.

அடித்த பிறகுதான் அந்தக் கை எதைப் பிடித்திருந்தது என்று ஞாபகம் வந்தது. பார்த்தேன். முடிச்சு இருந்தது. மற்றக் கையையும் மெதுவாக, ஒவ்வொரு விரலாக எடுத்தேன். முடிச்சு இருந்தது, மூக்கைச் சுருக்கிக்கொண்டு தூங்குகிற பூனைக்குட்டி மாதிரி.

கத்தியிருக்கலாம். நான் கத்தவில்லை. யார் குரலிலும் பேசுகிற எனக்கு, பிடித்திருக்கிற இரண்டு கை மாதிரி நிற்கத் தெரியாதா? கைகளைத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுபோய், கயிற்றைத் தொடாமல், விரலை மடக்கி, முகத்தில் வலியை வரவழைத்து நின்றேன். "இறுக்கிப் பிடிடி" என்றாள் லூர்து வீட்டு அக்கா போகிறபோக்கில். "உயிரே போகுதுக்கா" என்றேன்.

"நேரமாச்சு!" என்று வாசலில் மாமா ஹாரன் அடித்தார். தெரு முழுக்கக் கூடிவிட்டது. மதினி எழுந்தாள், அவளுக்குப் பின்னால் நானும், அதே இரண்டு கைகளோடு, ஒரு படி ஒரு படியாக இறங்கினேன். அண்ணன் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றான். கதவைப் பிடிக்கப் போனவன், வேண்டாம் என்று கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டான்.

மாமா என்னைப் பார்த்தார். கத்தவில்லை, உறுமவும் இல்லை. நியூட்ரலில் இருந்தார்.

"விடும்மா."

"விட்டா?"

"விட்டுத்தானே ஆகணும். விடு."

நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரித்துக் காட்டினேன். "எப்பவோ விட்டாச்சு மாமா. பால் பொங்குறதுக்கு முன்னாடியே."

அவர் நம்பவில்லை. மகளை என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? வண்டி வாங்க வந்தவர் குலுக்கிப் பார்க்கிற மாதிரி, "குதி" என்றார். மதினி கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் குதித்தாள். இன்னும் ஒரு தடவை குதித்தாள். தாலி நெஞ்சில் மோதி மோதிச் சத்தம் போட்டது. முடிச்சு அசையவில்லை. மாமா பின்னால் வந்து, கட்டைவிரலால் அதைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார், நெடுநேரம். பிறகு ஜீப்புக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. அந்த அமைதியில் என் அண்ணன் மூச்சு விட்டது தெரு முனை வரைக்கும் கேட்டது.

மதினி மட்டும் முகத்தைச் சுளித்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்க் கழுத்தைத் தொட்டாள்.

"என்னத்தா?" என்றாள் அம்மா, கையில் பால் செம்போடு.

"அரிக்குதுத்தை. கயிறு உரசுது."

"அய்யய்யோ, செவந்துரும்" என்று பஞ்சவர்ணம் அத்தை கூட்டத்துக்குள்ளிருந்து துள்ளி வந்து, வீட்டுக்குள் ஓடி, தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். "இரு, ஒரு சொட்டுத் தடவிவிடுறேன்..."

"எண்ணெயா!" என்று தெரு மொத்தமும் ஒரே குரலில் அலறியது. அதில் சன்னாசி மாமா குரல் நாலாவது கியர். அத்தை பாட்டிலோடு அப்படியே நின்றாள்.

மதினி சிரித்தாள். கழுத்தைச் சுகமாகச் சொறிந்துகொண்டே எங்கள் வீட்டுக்குள் போனாள்.